தப்பும் சாரீரமும்: தேவாலாவில் சுருதி ஞாபகத்தின் சரித்திரம்

நீலகிரி என்ற பெயரைக் கேட்டவுடன் உதகையின் குளிரையும் குன்னூரின் தேயிலைச் சரிவுகளையும் நினைவுக்குக் கொண்டுவரும் நம்மவர்க்கு, அதே மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், கூடலூரிலிருந்து நாடுகாணியைக் கடந்து பந்தலூர் செல்லும் பாதையில் அமைந்த தேவாலா என்னும் சிற்றூர், பருவமழைக் காலத்தில் பத்திரிகைகள் வெளியிடும் மழையளவுப் பட்டியலின் முதல் வரிகளில்தான் பெரும்பாலும் அறிமுகமாகிறது. தமிழ்நாட்டில் மிகுதியான மழையைப் பெறும் இடங்களுள் அது ஒன்று. ஆனி பிறந்தால் ஆவணி கழியும்வரை அங்கே துணி லேசில் உலராது, விறகு லேசில் பற்றாது. அந்த ஈரக் காற்றில் எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தளர்ந்துபோகும் பொருள் ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில், கோயில் விசேஷங்களுக்கும் சாவு வீடுகளுக்கும் வாசிக்கும் குடும்பத்தார் தம் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் தப்பே அது.

மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி வளையமாகப் பொருத்தி, அதன்மேல் பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையிட்டு இழுத்து ஒட்டிச் செய்த அவ்வாத்தியம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினவுடன் தொய்ந்துபோய், எவ்வளவு வலுவாக அடித்தாலும் மொத்தென்ற ஓசையையே தரும். ஆகவே வாசிப்பதற்கு முன் அதற்குச் சூடு காட்ட வேண்டும். கவாத்து வெட்டிய தேயிலை மிலாறுகளையும் காகிதத்தையும் சேர்த்து ஒரு சிறு தீ மூட்டி, வாசிப்பவர் தப்பின் முகத்தை அதன்மேல் சாய்த்துப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே இருப்பார். இடையிடையே அதைத் தீயைவிட்டு விலக்கி, காதருகே கொண்டுவந்து, விரல் நுனியால் நடுவில் ஒரு தட்டு, விளிம்பில் ஒரு தட்டு. தலையை அசைத்துவிட்டு மறுபடியும் தீக்கு. முதலில் எழுவது கனத்த, கீழான ஓசை. சூடு ஏற ஏற ஈரம் வெளியேறித் தோல் சுருங்க, ஓசை படிப்படியாக மேலே ஏறும். ஒரு கட்டத்தில் அவர் முகத்தில் ஒரு தெளிவு தோன்றும். தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். அதற்குமேல் ஒரு கணம் தீயில் காட்டினாலும் தோல் வெடித்துவிடக்கூடும் என்பதை அவர் அறிவார். ஆனால் அவர் நிறுத்தியது அந்த அச்சத்தால் அன்று, தாம் எதிர்பார்த்த ஓசை வந்துவிட்டது என்பதனால்தான்.

எதிர்பார்த்த அந்த ஓசை எங்கே இருந்தது? அருகில் சுருதிப்பெட்டி இல்லை; குழலில்லை; தம்புரா என்ற பொருளை அவர் வீட்டில் எவரும் தொட்டதில்லை. இரண்டாவது தப்புக்காரர் தம் வாத்தியத்தை முதலாமவருடைய ஓசைக்குச் சரியாகக் காய்ச்சிக்கொள்கிறார். மூன்றாமவர் அவ்விருவரையும் கேட்டுச் செய்கிறார். முதலாமவரோ எதைக் கேட்டுச் செய்தார் என்றால், போன திருவிழாவிலும் அதற்கு முந்திய திருவிழாவிலும் கேட்டு உள்ளே தங்கிவிட்ட ஓர் ஓசையைக் கேட்டுத்தான் செய்தார் என்று சொல்ல வேண்டும். கையில் தெரியும் தோலின் முறுக்கும், குச்சி துள்ளித் திரும்பும் விதமும் அவருக்குத் துணை செய்கின்றன என்பது மெய்யே. இருந்தாலும் அவர் தப்பைக் காதுக்கு அருகே கொண்டுபோகிறாரே, அந்தச் செயல் ஒன்றே, முடிவு சொல்வது செவி என்பதற்குப் போதுமான சாட்சி. சுருதி ஞாபகம் என்று சங்கீத சாஸ்திரிகளும் மனோதத்துவ நிபுணர்களும் விவாதிக்கிற விஷயம், இந்த மழையூரில் மிலாற்றுத் தீயின் அருகே வருஷந்தோறும் பிரத்தியட்சமாக நடந்து வந்திருக்கிறது.

இத்தனை நுட்பமான செவியுடையவரை ஒரு பாட்டுப் பாடும்படி கேட்டால், அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்துவிடுவார். தமக்கு அது வராது என்பார். பொய்யடக்கத்தால் அப்படிச் சொல்வதில்லை. வற்புறுத்திப் பாட வைத்தால் குரல் ஸ்தாயியை விட்டு நழுவும். நழுவினதும், அதை மற்றெவருக்கும் முன்னால் கண்டுகொண்டு வெட்கப்படுபவர் அவரே. நம் முன்னோர் இந்த வேற்றுமையை நன்றாக உணர்ந்திருந்தார்கள். கேள்வி ஞானம் உண்டு, சாரீரம் இல்லை என்று ஒருவரைப் பற்றியும், சாரீரம் உண்டு, ஞானம் போதாது என்று இன்னொருவரைப் பற்றியும் சொல்வது சங்கீத ரசிகர்களிடையே சர்வ சாதாரணமான பேச்சு. இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. சேர்ந்திருந்தால் அதை ஒரு பாக்கியமாகக் கருதினார்கள். தமிழரின் இசை வழக்கங்கள் பலவும், ஞாபகம் ஓரிடத்திலும் குரல் வேறோரிடத்திலும் இருக்கக்கூடும் என்ற அனுபவத்தை அஸ்திவாரமாகக் கொண்டே அமைந்தவை என்பது என் அபிப்பிராயம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்கு வாத்தியங்கள் இசைந்து நின்ற முறையை இளங்கோவடிகள் விவரிக்கும் இடத்தில், குழலை முன்னிட்டு யாழும், யாழை முன்னிட்டுத் தண்ணுமையும், தண்ணுமையை முன்னிட்டு முழவும் என்று ஒன்றை ஒன்று பின்பற்றிச் செல்லும் ஒரு கிரமம் காட்டப்படுகிறது. துளைகள் நிலைத்துவிட்ட குழல் சுருதிக்கு ஆதாரம். நரம்பும் தோலும் வெயிலுக்கும் பனிக்கும் ஏற்ப இளகுவனவாதலால் அவை அந்த ஆதாரத்தைத் தேடி வந்து ஒன்றவேண்டியவை. இந்தக் கிரமத்தின் உயிருள்ள சாட்சியைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேவாலாவைச் சூழ்ந்த காடுகளிலும் வயல்களிலும், தேயிலையும் காப்பியும் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வாழ்ந்துவரும் பணியர்கள், துடியும் குழலும் சேர்த்தே தம் ஆட்டங்களை நடத்துகிறார்கள். துடி தோல் வாத்தியம். மழையில் அதுவும் இளகும். குழல் இளகாது.

குழலின் துணையும் இல்லாத இடத்தில் மனித ஞாபகமே ஆதாரமாக நின்றது. தேவாரப் பதிகங்கள் மீட்கப்பட்ட வரலாறு இதற்குப் பெரிய உதாரணம். தில்லையில் பூட்டியிருந்த அறையில் கறையான் தின்றது போக எஞ்சிய ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்றும், சொல் கிடைத்தும் பண் கிடைக்காமையால், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுக்கச் செய்தார்கள் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. இதைச் சரித்திரமாகக் கொள்வதா, ஐதிகமாகக் கொள்வதா என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. ஏட்டில் எழுதியது சொல். மெட்டு இருந்த இடமோ ஒரு குடும்பத்தின் ஞாபகம் என்ற எண்ணம் நம்மவர்க்கு எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதையே அந்தக் கதை எனக்குக் காட்டுகிறது. பிற்பாடு இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், அவர்களோடு உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 48 குரல்கள் கூடிப் பாடுமிடத்தில் எல்லாருடைய ஞாபகமும் எல்லாருடைய சாரீரமும் ஒரே தரத்தில் இருந்திருக்க முடியாது. கூட்டத்தில் ஒருவர் நழுவினால் மற்றவர் தாங்கிக்கொள்வார். மறந்தவர் ஞாபகமுள்ளவரைப் பின்தொடர்வார். கூட்டிசையின் பெரிய பயன் அதுவே.

நமது சங்கீதத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஒரு கீர்த்தனைக்கு இன்ன சுருதி என்று எவரும் விதிக்கவில்லை. பாடுபவர் தம் குரலுக்கு எது இசைகிறதோ அதை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டு, மற்ற ஸ்வரங்களை அதனின்று அளந்து பாடுவது சம்பிரதாயம். நாகஸ்வரத்துக்கு ஒத்தும், வாய்ப்பாட்டுக்குத் தம்புராவும் அந்த ஷட்ஜத்தை இடைவிடாமல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். வித்துவான் அதை ஞாபகத்தில் சுமக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவிலிருந்து ஆர்மோனியம் வந்து, நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் அமர்ந்த பின்னரே, அதன் கட்டைகளை எண்ணி ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டை என்று சுருதிக்குப் பெயர் சொல்லும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாடிய எஸ்.ஜி. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் அவர்கள் எடுக்கும் கட்டையைச் சொல்லியே ஜனங்கள் புகழ்ந்தார்கள். அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. கட்டைக் கணக்கு அதனால் மறையவில்லை.

தேவாலாவுக்குத் தப்பும் தமிழ்ப் பாட்டும் எந்த வழியாக வந்து சேர்ந்தன என்பது தனிக் கதை. தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட இப்பகுதி 1877-இல்தான் மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அதையடுத்த சில ஆண்டுகளில், தேவாலாவையும் பந்தலூரையும் சுற்றியுள்ள பாறைகளில் பொன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இலண்டனில் கம்பெனிகள் பல தோன்றி, யந்திரங்களும் துரைமார்களும் வந்து குவிந்து, எதிர்பார்த்த பொன் கிடைக்காமையால் வந்த வேகத்திலேயே போய்விட்டார்கள். அவர்கள் தோண்டிய சுரங்கங்களில் இப்போது தண்ணீர் நிற்கிறது. காப்பியும் பிறகு தேயிலையும் நிலைத்தன. ஆனால் இன்று அவ்வூரில் நாம் கேட்கும் தமிழ்ப் பாட்டின் பெரும்பகுதி, அந்தத் துரைமார் காலத்தது அன்று. கடல் கடந்து போய்க் கடல் கடந்து திரும்பிய பாட்டு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட ஏழை ஜனங்கள் கங்காணிகளின் பின்னே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். 1869-இல் அங்கே தோன்றிய இலை நோயினால் காப்பி அழிந்து தேயிலை பரவிய பின், அம்மலைகளே அவர்களுக்கு ஊராயின. நான்கு, ஐந்து தலைமுறைகள் அங்கே பிறந்து இறந்தன. விடியற்காலையில், லயம் எனப்படும் வரிசை வீடுகளின் ஜனங்களை எழுப்பி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பு. சாமி கும்பிடுவதற்கும் பிணம் எடுப்பதற்கும் முன்னின்றதும் தப்பு. பின்னர், 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, குடியுரிமையற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்ட மனிதரைக் கேட்டுச் செய்த ஏற்பாடு அன்று இது. இன்று அதை வாசிக்கையிலும் நெஞ்சு பொறுப்பதில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கியவர்களில் பல குடும்பங்கள், அவர்களுக்கு வேலை தரும்பொருட்டுத் தமிழ்நாடு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தன. தேவாலா, பந்தலூர், நெல்லியாளம், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று இப்பகுதியெங்கும் அவர்கள் குடியமர்ந்தார்கள். அத்தோட்டங்கள் 1976-இல் டான்டீ எனப்படும் கழகமாயின.

கப்பலில் ஏற்ற முடிந்தது டிரங்குப் பெட்டியும் பாத்திரமும். பாட்டு வேறு வழியில் வந்தது. மலையகம் எனப்படும் இலங்கை மலைத்தோட்டப் பகுதியின் ஜனங்கள் வளர்த்த கூத்துகளில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் தலையானவை. மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து பிறை கண்டபின் காமன் கம்பத்தை ஊன்றி, இரவுதோறும் ரதிக்கும் மதனுக்கும் உரிய பாட்டுகளைப் பாடி ஆடி, பௌர்ணமியையொட்டிச் சிவன் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்ததை நடத்தி, ரதியின் புலம்பலைப் பாடுவது காமன் கூத்தின் அமைப்பு. இதில் வேஷம் கட்டுபவர் இளைஞர்; குரலும் காலும் வலுவுள்ளவர். அவருக்குப் பின்னால் நின்று அடியெடுத்துக் கொடுப்பவர் வாத்தியார். பெரும்பாலும் வயது முதிர்ந்தவர். அவர் தொண்டை தேய்ந்திருக்கும். அவர் பாடுகிற அடி பார்வையாளரின் பத்தாவது வரிசைக்குக்கூட எட்டாது. ஆனால் வேஷக்காரர் எந்த ஸ்தாயியில் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் மெட்டு திரும்ப வேண்டும் என்பதை அந்த மங்கிய குரலே நிர்ணயிக்கிறது. வேஷக்காரர் தாழ்வாக எடுத்துவிட்டால், ரதியின் புலம்பலில் உச்சத்துக்குப் போக வேண்டிய அடி சப்பென்று போய்விடும். உயர எடுத்துவிட்டால் அந்த அடியில் தொண்டை அடைத்துப்போகும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சரியான இடத்தை, அன்றைய வேஷக்காரரின் தொண்டையையும் மனத்தில் கொண்டு, முன்கூட்டி அறிந்து எடுத்துக் கொடுப்பது வாத்தியாரின் வித்தை. ஞாபகம் ஓர் உடம்பிலும் சாரீரம் மற்றோர் உடம்பிலும் இருந்து, இரண்டும் சேர்ந்து ஒரே பாட்டாக வெளிப்படுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கத்தை நான் அறியேன்.

ஒப்பாரியிலும் இதே ஏற்பாடு வேறு வடிவத்தில் உண்டு. துக்க வீட்டில் ஒருத்தி எடுப்பாள். மற்றவர்கள் தோளில் கைபோட்டுச் சாய்ந்துகொண்டு முடிப்பார்கள். எடுப்பவள் எங்கே தொடங்குகிறாளோ அதுவே அன்றைக்குச் சுருதி. அழுது அழுது குரல் இறங்கிக்கொண்டே போனால் கூட்டம் முழுவதும் அவளோடு சேர்ந்தே இறங்கும். பிழையென்று அதை எவரும் கருதுவதில்லை.

மலையகத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்து, தொழிற்சங்கத்திலும் இலக்கியத்திலும் உழைத்த அவர் 1983-இல் வெளியிட்ட ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுப்பு இல்லையானால் எத்தனையோ பாட்டுகளின் சொற்கள் காற்றோடு போயிருக்கும். அச்செழுத்து சொல்லைக் காக்கும். மெட்டைக் காக்க அதனால் ஆகாது. அதே தோட்டத்து ஜனங்கள் 1950 முதல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் சினிமாப் பாட்டுகளையும் கேட்டு வந்தார்கள். சரித்திரத்தில் இது ஒரு பெரிய மாறுதல் என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை ஒரு பாட்டு ஊருக்கு ஊர், வாய்க்கு வாய் வெவ்வேறு சுருதியில் ஒலித்தது. இசைத்தட்டும் வானொலியும் வந்த பின், ஒரு பாட்டை நூறு முறை கேட்டாலும் நூறு முறையும் ஏறத்தாழ அதே ஸ்தாயியில் கேட்கும்படி ஆயிற்று. பாட்டுக்கென்று சொந்தச் சுருதி ஒன்று முதன்முதலாகப் பாமரர் செவியில் படிந்தது அப்போதுதான்.

அப்படிப் படிந்தது மனத்தில் நிற்கிறதா என்பதை மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர்கள் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டேனியல் லெவிட்டின் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், 46 மாணவர்களைத் தங்களுக்குப் பிரியமான இசைத்தட்டுப் பாட்டுகள் இரண்டை எந்தத் துணையுமின்றி ஞாபகத்திலிருந்து பாடச் சொன்னார். இரண்டு பாட்டுகளில் ஒன்றிலாவது மூலப் பாட்டின் சுருதியிலேயே தொடங்கியவர்கள் 40 சதவீதம். இரண்டிலும் அவ்வாறு தொடங்கியவர்கள் 12 சதவீதம். 44 சதவீதம் பேர் இரண்டு பாட்டுகளிலும் இரண்டு அரை ஸ்வரங்களுக்குள் நெருங்கி வந்தார்கள். அம்மாணவர்கள் சங்கீத வித்துவான்களல்லர். ஒரு ஸ்வரத்தைக் கேட்டவுடன் அதன் பெயரைச் சொல்லும் அபூர்வ சக்தி 10,000 பேரில் ஒருவருக்கே வாய்க்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெயர் சொல்லத் தெரியாமலே சுருதியை உள்ளே வைத்திருக்கும் சக்தியோ சாமானியருக்கும் உண்டென்று இதனால் தெரியவந்தது. கனடாவில் கிளென் ஷெல்லன்பெர்க், சாண்ட்ரா டிரெஹப் என்னும் இருவர் 2003-இல், பழகிய தொலைக்காட்சித் தொடர்களின் முகப்பு இசையை மூலச் சுருதியிலும் சற்று மாற்றியும் கேட்கச் செய்தபோது, இரண்டு அரை ஸ்வரம் மாற்றியிருந்தால் மாணவர்கள் 70 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தார்கள். வாய் திறந்து பாடவேண்டியதே இல்லாத சோதனை அது.

பாடுவதில் தடுமாறுபவர்களின் செவிதான் குறையுடையதோ என்ற சந்தேகம் இங்கே எழும். 1919-இல் கார்ல் ஸீஷோர் என்பவர் சங்கீதத் திறமையை அளக்கும் முறைகளை வகுத்தபோது, சுருதி பேதத்தை உணர்வதையும் ஸ்வரங்களை ஞாபகத்தில் வைப்பதையும் அதன் முக்கிய அங்கங்களாக வைத்தார். செவி தேர்ந்தால் மற்றவை தொடரும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வலுவாக இருந்தது. அந்த நம்பிக்கையைப் பின்வந்த சோதனைகள் தளர்த்திவிட்டன. மாண்ட்ரியல் நகரத்துப் பூங்காவில், தமக்குப் பிறந்தநாள் என்று சொல்லிக்கொண்டு வழிப்போக்கர்களை ஒரு வாழ்த்துப்பாட்டுப் பாடும்படி வேண்டி, அதைப் பதிவுசெய்து 2007-இல் வெளியிட்டவர்கள், சாதாரண ஜனங்களில் பெரும்பாலோர் தம்மைப் பற்றித் தாமே நினைத்திருந்ததைவிட நன்றாகப் பாடுகிறார்கள் என்றும், அவர்களுடைய பிழைகளில் பல அவசரத்தால் வந்தவை, நிதானமாகப் பாடச் சொன்னால் குறைந்துவிடுகின்றன என்றும் கண்டார்கள். அதே ஆண்டில் பீட்டர் போர்ட்ரெஷர், ஸ்டீவன் பிரௌன் என்பவர்கள், சுருதி தவறிப் பாடுவோர் பலருடைய செவி குறையற்றதே என்று காட்டினார்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, ஷான் ஹட்சின்ஸும் இசபெல் பெரெட்ஸும் 2012-இல் வெளியிட்ட சோதனை. சங்கீதப் பயிற்சியில்லாதவர்களிடம் ஒரு ஸ்வரத்தைக் கேட்கச் செய்து, அதே ஸ்வரத்தைக் குரலால் எழுப்பும்படி சொன்னார்கள். பலரால் முடியவில்லை. பிறகு, விரலை நகர்த்தினால் ஓசை ஏறி இறங்கும் ஒரு கருவியைக் கையில் கொடுத்து, கேட்ட ஸ்வரத்தை அதில் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். குரலால் தவறியவர்களில் பெரும்பாலோர் விரலால் துல்லியமாகப் போய்ச் சேர்ந்தார்கள். தேவாலாவின் தப்புக்காரர் தீயருகே செய்வது இதுதானே! அவருக்கு நகரும் கருவி சூடேறும் தோல். ஓசை ஏறுவதைக் கேட்டுக்கொண்டே வந்து உரிய இடத்தில் நிறுத்துகிறார். குரல்வளையின் தசைகளோ கண்ணுக்குத் தெரியாதவை, கைக்கு எட்டாதவை. எவ்வளவு இறுக்கினால் எந்த ஸ்வரம் வரும் என்பதை ஒவ்வொருவரும் உள்ளுணர்வாலேயே நெடுநாள் பழகி அறிய வேண்டும். செவி அறிந்ததைத் தொண்டைக்குச் சொல்லும் அந்த வழி அப்பியாசத்தால் திறப்பது. ஞாபகம் இல்லாதவனுக்கு அந்த அப்பியாசம் பயன்படாது. ஞாபகம் உள்ளவனுக்கும் அப்பியாசம் இல்லையானால் பாட்டு வராது. பிறவியிலேயே ஸ்வர பேதம் அறியாதவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் நூற்றில் ஓரிருவர்.

பள்ளிக்கூடத்து இறைவணக்கத்தில், சுருதி சேராத பிள்ளையை வாயை மட்டும் அசைக்கச் சொல்லி ஓரத்தில் நிறுத்துகிற பழக்கத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளையின் செவியை எவரும் சோதிப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் தனக்குச் சங்கீதமே இல்லை என்ற எண்ணத்தோடு வளரும் அப்பிள்ளை, ஒரு கூத்து வாத்தியாராகவோ, தப்பின் சூடறிந்தவராகவோ, வீணையின் மெட்டுக் கட்டுபவராகவோ ஆகியிருக்கக்கூடும். தோட்டத்துக் கூத்துக் களரியில் இந்த அநியாயம் நடப்பதில்லை. அங்கே குரல் வராதவனுக்குத் தாளம் உண்டு, தப்பு உண்டு, பின்பாட்டு உண்டு. வருஷங்கள் கழிந்து ஞாபகம் முதிர்ந்தபின் வாத்தியார் ஸ்தானமும் உண்டு.

புலன்களை அளக்கும் சாஸ்திரத்துக்கு நீலகிரி புதிய இடமும் அன்று. டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் அம்மலையின் தோடர்களிடையே தங்கி அவர்களுடைய பார்வை, நிற உணர்வு, தொடு உணர்வு முதலியவற்றைச் சோதித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன் டாரஸ் ஜலசந்தித் தீவுகளில் அவரோடு சென்ற சார்லஸ் மையர்ஸ் அத்தீவினரின் செவிப்புலனை இசைக்கவைகளால் அளந்தவர். இசைக்கவை வேண்டாத அளவைகள் தீவுகளிலும் மலைகளிலும் முன்பே இருந்தன என்பதை அக்காலத்து ஆராய்ச்சியாளர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது தேவாலாவிலும் மற்ற ஊர்களைப்போலவே பிளாஸ்டிக் முகம் பொருத்திய தப்புகள் வந்துவிட்டன. மழை அவற்றைத் தொடுவதில்லை. திருகாணியைத் திருப்பினால் போதும், தீ வேண்டாம். நனைந்துகொண்டே வாசிக்க வேண்டிய பிழைப்பில் அது பெரிய உபகாரம் என்பதையும், தோலோடு ஒட்டிவந்த சாதி இழிவிலிருந்து விலக நினைப்பவர்க்கு அதிலுள்ள ஆறுதலையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு முறை முறுக்கிவைத்தால் மாதக்கணக்காக அப்படியே நிற்கும் முகத்தைக் காதருகே கொண்டுபோய்க் கேட்கும் அவசியம் யாருக்கும் நேராது. சுருதியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளும் பஜனைக் கோஷ்டிகளிலும் நிலைமை இதுவே.

எழுபதுகளில் இளைஞராகக் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து பாட்டுகளைப் பதிவுசெய்ய வருகிற அன்பர்கள், குரல் நன்றாக உள்ளவரைத் தேடி உட்கார வைத்து, அவர் பாடியதைக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பதிவு கேட்க இனிமையாக இருக்கும். மெட்டு மூலமானதுதானா என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில், பாட்டின் நடுவே முகம் சுளித்து, அப்படியில்லை என்று கையை உயர்த்துகிற ஒரு கிழவரோ கிழவியோ இருந்தால், பதிவு செய்பவர் பாட்டை நிறுத்தி, அவரிடம் திரும்பி, எங்கே பிசகியது என்று கேட்க வேண்டும். அவர் தம் குரலால் காட்ட முடியாமல் தவிப்பார். பாடகரை நாலைந்து விதமாக மெதுவாகப் பாடச் சொல்லி, எது சரியென்று அவரைத் தலையாட்டச் செய்ய வேண்டும். அதற்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆகும். ஒரே பாட்டுத்தான் கிடைக்கும்.